லைட்டாஃப் டிரைவரும் என் கடைசிப் பரீட்சையும்

லைட்டாஃபைப் போல என்னைக் கோபப்படுத்திய மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் கிடையாது. அப்படி இன்னொருவர் இருந்திருந்தால் நான் முப்பது வயதுக்குள் ரத்தக்கொதிப்பில் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். லைட்டாஃப் என்பது பஸ்ஸில் வந்த நாற்பத்தைந்து பேரும் சேர்ந்து வைத்த பெயர். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும். வாங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மறைமலைநகரில் பிரேக் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கேட்பவருக்குக் கையுறையும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. அதுவும் டெம்பரவரி. வருடா வருடம் மார்ச் மாதம் வந்தால் என்னை வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று நோட்டீஸ் போர்டையே சுற்றி வருவேன். அதிலிருந்து தப்பிக்க நான் பிடித்த ஒரே வழி பாங்க் பரீட்சை. இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தேன். மூன்றாவது முறைதான் கடைசி. அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும்.

படிக்க இடம் வேண்டுமே. வீடு மாமல்லபுரத்தில். ஒரே கூடம், ஏழு பேர், ஒரு டிவி. எங்கள் சித்தப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் அந்த டிவி அலறுவது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஸ்டோரில் புத்தகத்தைத் திறந்தால் சூப்பர்வைசர் மூடச் சொல்வார். காலை பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள், நானும் தூங்குவேன். மிச்சம் இருந்தது சாயங்கால பஸ்.

அது ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் மாமல்லபுரம் வரும். பஸ்ஸுக்குள் ஆறு விளக்குகள். எரிவது ஒன்று. அது இடது பக்கம் நான்காவது சீட்டுக்கு மேலே இருந்தது. காலையில் இறங்கும்போதே அந்த சீட்டில் என் துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன். வெல்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் ஒரு தரம் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அவரோடு ஆறு மாதம் பேசவில்லை.

இப்படிப் போராடிப் பிடித்த விளக்கைத்தான் ஒரு கார்த்திகை மாதத்தில் புதிதாக வந்த டிரைவர் பொசுக்கென்று அணைத்தார்.

செங்கல்பட்டில் பாதிக்கு மேல் இறங்கி, பதினைந்து பேர்தான் மிச்சம். ஊரைத் தாண்டி இருட்டு ரோட்டில் பஸ் திரும்பியதும் விளக்கு போயிற்று. ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே இடத்தில் போயிற்று. எழுந்து முன்னால் போய்க் கேட்டேன். கண்ணாடியில் உள் வெளிச்சம் விழுந்து ரோடு தெரியவில்லை என்றார். நியாயம்தான் என்று திரும்பினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"சார், சும்மாதானே உக்காந்துனு கீற. ஜன்னலாண்ட தலைய வெச்சி மேல பாரு" என்றார் அவர்.

பார்த்தேன். இருட்டாக இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தன. ஆறு வயதிலிருந்து அவை அங்கேதான் இருக்கின்றன. சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, கூட்டு வட்டிக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்து, தப்பு விடை வந்து, அவரைத் திட்டினேன்.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்குள் இருக்கும். குள்ளம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு டிரைவர் இல்லாமல் பஸ் வருவதுபோல இருக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரர். குப்பமே கடலுக்குப் போகும்போது இவர் ஒருத்தர் மட்டும் போவதில்லை. படகில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் வாந்தி. அண்ணன் தம்பிகள் நாலைந்து தரம் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, இவனால் வலைதான் நாறுகிறது என்று கரையில் இறக்கிவிட்டார்களாம். கடலுக்குப் போகாத கோபத்தை எல்லாம் ரோட்டில் காட்டுகிறவர்போல ஓட்டுவார்.

நான் கடைக்குப் போய் ஒரு டார்ச் லைட் வாங்கினேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் அவர் விட்டுவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து பஸ் பள்ளத்தைத் தேடித் தேடி இறங்க ஆரம்பித்தது. நல்ல ரோடு இடது பக்கம் இருக்க, வலது பக்கம் போய் ஒரு குழியில் இறங்கிவிட்டு மறுபடி இடது பக்கம் வருவார். நாலாம் நாள் டார்ச் கையிலிருந்து தெறித்து உருண்டு முன்னால் போயிற்று. அவர் காலால் அதை நிறுத்தி, குனிந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே பாட்டரி இல்லை.

கேட்டதற்கு, பாட்டரி வீட்டில் பத்திரமாக இருக்கிறது, பரீட்சை முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். புது பாட்டரி வாங்கினாலும் பள்ளங்கள் அப்படியே இருக்கும் என்று டார்ச்சைக் கைவிட்டேன். அந்த பதிலின் அழகை ரசிக்கிற நிலையில் நான் அப்போது இல்லை.

அதன்பிறகு கெஞ்சல் ஆரம்பித்தது. வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி வந்து என் சீட்டில் வைப்பார். சுண்டல் வைப்பார். ஒரு நாள் என் தோளைத் தொட்டு, இவ்வளவு படித்த மனிதர் பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்களே என்று புகழ்ந்துகூடப் பார்த்தார். சுண்டலைத் தின்றேன். தலையைத் தூக்கவில்லை. சுண்டலுக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை என்பதில் உறுதியாக இருந்தேன்.

தை மாதத்தில் அவருடைய தைரியம் முற்றிவிட்டது. செங்கல்பட்டைத் தாண்டி ஒரு ஏரிக்கரை ஓரம் பஸ்ஸை நிறுத்தி, இஞ்சின் சூடாகிவிட்டது, எல்லோரும் இறங்கிக் காலாற நில்லுங்கள் என்றார். இறங்கினோம். அவர் இஞ்சின் பக்கமே போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

முதலில் சண்டைக்குப் போனது பேக்கிங் செக்‌ஷன் செல்வி அக்கா. திருக்கழுக்குன்றத்துக்காரர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாவு ஆட்ட வேண்டும், தண்ணீர் வருகிற நேரம். "யோவ், வூட்ல புள்ளைங்க பசியோட கீது. நீ இன்னாத்துக்குய்யா வானத்தப் பாத்துகினு நிக்கற" என்று பிடித்துக்கொண்டார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஃபிட்டர் ஒருவர், சரி, நிறுத்தியதுதான் நிறுத்தினாய், அதோ சிவப்பாக இருக்கிறதே, அதன் பேராவது சொல்லு என்றார்.

"பேரு தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? ரேஷன் கார்டு போடப் போறியா? சும்மா பாருய்யா" என்றார் லைட்டாஃப்.

உண்மை என்னவென்றால் அவருக்கு ஒரு பெயரும் தெரியாது. அவருடைய அண்ணனுக்குத் தெரியுமாம், படகு ஓட்ட. இவருக்குப் பார்ப்பதோடு சரி. ஒன்றும் தெரியாத ஒரு மனிதர், தெரிந்துகொள்ளவும் விரும்பாத ஒரு மனிதர், பதினைந்து பேரை ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதுதான் என் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

ஆனால் என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது அவர் அல்ல, மற்றவர்கள். இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். வெல்டிங் ஆள் கரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார். ஃபிட்டர் பொரி வாங்கி வந்தார். செல்வி அக்காவே ஒரு நாள் மேகமாக இருந்ததால் பஸ் நிற்காமல் போனபோது, "இன்னா, இன்னிக்கி நிக்கலியா" என்று கேட்டார். காலையிலிருந்து ஒருவரும் நம்மை ஏவாத பத்து நிமிஷம் இது ஒன்றுதான் என்று அவர் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் பன்னிரண்டு கணக்கு. எண்ணிப் பார்த்தால் வாரத்துக்கு எழுபத்திரண்டு கணக்கு.

பங்குனியில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வால் நட்சத்திரம் வந்தது.

பேப்பரில் எல்லாம் போட்டிருந்தார்கள். சூரியன் இறங்கியதும் வடமேற்கில் வெறும் கண்ணுக்கே தெரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. லைட்டாஃபுக்குச் சொல்ல வேண்டுமா? கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். தினமும் ஏரிக்கரை. தினமும் கால் மணி நேரம். எல்லோரும் பஸ் வந்த திசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. இருட்டுப் பஸ்ஸில் மூடின புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வடமேற்குப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பார்த்துவிட்டால் தோற்றுவிடுவேன் என்று ஒரு வீம்பு.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அவர் படியில் ஏறி நின்றார்.

"சார், வா சார். இது மறுபடி வர்றதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் வருசம் ஆவுமாம்."

"என் பரீட்சையும் மறுபடி வராது. வண்டியை எடு."

"ஒரு நிமிசம் எறங்கு. கண்ண மூடித் தொறக்கற நேரம்."

"வண்டியை எடுய்யா" என்று கத்தினேன். கரையில் நின்றவர்கள் எல்லோரும் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். லைட்டாஃப் போய் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்து புகார் எழுதினேன். இரண்டு பக்கம். பரீட்சைக்காகப் பழகி வைத்திருந்த கடித நடை முழுவதையும் அதில் இறக்கினேன். டீசல் வீணாவது, நேரம் வீணாவது எல்லாம் எழுதியும் பலம் போதவில்லை என்று பட்டது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஆள் நடமாட்டமற்ற இருண்ட இடத்தில் பேருந்தை நிறுத்துவது பெண் ஊழியர்களின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பதாகும் என்று. எழுதும்போதே அது பொய் என்று தெரியும். செல்வி அக்கா அங்கே எவ்வளவு நிம்மதியாக நிற்கிறார் என்று தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் அந்த ஒரு வரி வேலை செய்யும் என்றும் தெரியும். கோபத்தில் இருக்கிறவனுக்கு மூளை ரொம்ப நன்றாகவே ஓடும்.

வேலை செய்தது. மூன்றாம் நாள் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் லைட்டாஃபும் பஸ் கான்ட்ராக்டரின் ஆளும் நின்றிருந்தார்கள். ஆபீசர் அவரைப் பார்த்து, எதற்காக நிறுத்துகிறாய் என்றார்.

"பாக்கறதுக்கு சார்."

"என்னத்தைப் பார்க்க?"

"மேல சார்."

ஆபீசர் அனிச்சையாக மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உனக்குப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டார்.

"தனியா அண்ணாந்துனு நின்னா பைத்தியம்னுவாங்க சார். குப்பத்துல அப்டித்தான் சொல்றாங்க. பதினஞ்சு பேரு சேந்து பாத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார் லைட்டாஃப்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். ஆனால் அடுத்ததாக என் கடிதத்தின் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். படித்ததும் அறையில் யாருக்கும் சிரிப்பு இல்லை. கான்ட்ராக்டரின் ஆள், நாளையிலிருந்து வேறு டிரைவர் வருவார் என்று அங்கேயே சொல்லிவிட்டார். லைட்டாஃப் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். வாதாடவில்லை. வெளியே வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார்.

"நீதான் எழுதனியா சார்?"

"ஆமாம்."

"நல்லா எழுதிக்கீற. பரிச்சைல பாஸாயிடுவ."

கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் பாட்டுக்கு கேட் பக்கம் நடந்துபோய்விட்டார்.

மறுநாள் புது டிரைவர் வந்தார். கான்ட்ராக்டர் ஆறு விளக்கையும் சரிசெய்து அனுப்பியிருந்தார், ஆறும் எரிந்தது. கூடவே டேப்ரெக்கார்டரும் பாடியது. மறைமலைநகரில் ஆரம்பித்த பாட்டு மாமல்லபுரத்தில்தான் நின்றது. ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. குறைக்கச் சொன்னால், எல்லோரும் கேட்கிறார்களே என்றார். யாரும் கேட்கவில்லை. பதினாலு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சீட்டில் துண்டு கட்ட வேண்டிய அவசியமே இல்லை, பக்கத்து சீட்டிலும் யாரும் உட்கார வரவில்லை.

விஷயம் முழுதும் வெளியே வர இரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்குச் செல்வி அக்கா ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்குப் பாதுகாப்பு இல்லன்னு நான் சொன்னனா? உன்னாண்ட வந்து அழுதனா? உன் லைட்டுக்கு நீ சண்ட போடு. எம் பேர இன்னாத்துக்கு எடுத்த? அந்தாளு வூட்ல இன்னா நெனச்சிருப்பாங்க, யோசிச்சியா?"

எத்தனையோ மாதமாக எல்லார்மேலும் இருந்த கோபம் அப்படியே திரும்பி என்மேல் விழுந்தது. அடுத்த வாரம் பரீட்சை வந்தது. எழுதினேன். எழுதிய சாயங்காலமே பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ வேலை கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்தும் துடைப்பதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது தயார் செய்திருந்த மன்னிப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது. பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். நீ பாத்தியா இல்லியா?"

"எதை?"

"இன்னாத்தன்னு கேக்கறியே சார். வால் நட்சத்திரத்த."

இல்லை என்றேன். வேலை போனதற்குக் கோபப்படாத மனிதர் அதற்குக் கோபப்பட்டார். ஈரத் துணியைத் தரையில் அடித்தார். ஊர் உலகமே பார்த்துவிட்டது, மாடு மேய்க்கிறவன் பார்த்துவிட்டான், அண்ணன் படகில் ஏறி வாந்தி எடுத்துக்கொண்டுகூட நான் பார்த்துவிட்டேன், நீ எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஐந்து நிமிஷம் திட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். அதுவரை நான் அவரைத் திட்டியதற்கு அது ரொம்பக் குறைவு. பிறகு மணி என்ன என்று கேட்டார். ஏழு. ரொம்பக் கீழே இறங்கிவிட்டது, இங்கிருந்து பார்த்தால் சவுக்குத் தோப்பு மறைக்கும், ஏறு மேலே என்று லாரியின் ஏணியைக் காட்டினார்.

ஏறினோம். வழுக்குகிற டாங்க் மேல் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சவுக்கு மரங்களின் தலைக்கு மேலே, கீழ்வானத்தில், யாரோ சுண்ணாம்பு விரலைச் சுவரில் இழுத்துத் துடைத்ததுபோல ஒன்று இருந்தது. முதலில் எனக்குத் தெரியவில்லை. அவர் என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று திருப்பினார். தெரிந்தது. இதைப் பார்க்காமல் இருக்கத்தானா தினமும் அத்தனை நேரம் அந்த இருட்டுப் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து அவர் பக்கம் திரும்பினேன். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. நான் ஒழுங்காகப் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினேன். கடைசி வரி பொய் என்றும், எழுதியது நான் மட்டும்தான் என்றும், பெண்கள் யாரும் புகார் சொல்லவில்லை என்றும். செல்வி அக்கா அதைப் பஸ்ஸில் என்னைச் சத்தமாகப் படிக்க வைத்து, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தச் சொல்லி, அப்புறம்தான் முதல் கையெழுத்தைப் போட்டார். பதினாலு கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வறுத்து எடுத்தார். அவர் கேட்டதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை.

ஒரு மாதம் கழித்து லைட்டாஃபைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வழியில் எங்கேயும் வண்டியை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் அதை ஒரு நாளும் மீறவில்லை. ஏரிக்கரை வந்ததும் முதல் கியருக்குப் போய்விடுவார். எருமைகள் எங்களை முந்திக்கொண்டு போகும். நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், நகரக் கூடாது என்று சொல்லவில்லையே என்பார்.

பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோற்றேன். என்னைக் கவிழ்த்தது ஆங்கிலப் பகுதி. அது மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரை, விளக்கு எரியும்போதே படித்த பகுதி. அவர்மேல் பழி போட அதுவும் இல்லாமல் போனதில் ஒரு வாரம் எரிச்சலாக இருந்தேன்.

ஸ்டோரில் இன்னும் ஆறு வருடம் கையுறை கொடுத்தேன். பிறகு எழுத்து வேலை கிடைத்து ஊரப்பாக்கம் வந்துவிட்டேன். அந்த பஸ் ரூட்டும் நின்றது. அவர் இப்போது கடற்கரைச் சாலையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் செல்போன் வந்ததிலிருந்து என் சாயங்காலங்கள் பாழ். நான் ஒரு புத்தகத்தில் நாற்பது பக்கம் தாண்டியிருப்பேன், மணி அடிக்கும். நலமா என்று கேட்க மாட்டார். நிலாவுக்குப் பக்கத்தில் ஒன்று வந்திருக்கிறது, மாடிக்குப் போய்ப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கண்டபடி திட்டிக்கொண்டே படியேறுவேன். என் மனைவி இதற்கெல்லாம் பழகிவிட்டாள்.

போன வாரம் தொடர்ந்து நாலு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மனைவி தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள், நான் உட்காரவில்லை. ஆறாவது தரம் எடுத்தார். காய்ச்சலாம், படுத்திருந்தாராம். காய்ச்சல் என்றால் சொல்ல வேண்டாமா, நாலு நாளாக இங்கே ஒருத்தன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, மனுஷனா நீ என்று நெஞ்சு வலிக்கிற வரை கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுமுனையில் அவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.